பள்ளி விடுமுறையும் நம் சிறப்புப் பிள்ளைகளும்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் ஒரு தனிக் கலகலப்பு வந்துவிடும். யார் எந்த ஊருக்குப் போகிறார்கள், யார் வீட்டில் திருமணம் என்ற பேச்சுகளுக்கு இடையில் தேர்ச்சி அறிக்கைகளும் கையெழுத்தாகிக் கொண்டிருக்கும். ஆசிரியர்களுக்கும் ஓய்வு வேண்டும்தானே! எனக்கும் அந்த மகிழ்ச்சி உண்டு. எனினும், சிறப்புக் கல்வி வகுப்பை நடத்தும் ஆசிரியை என்ற முறையில் அந்த மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் சேர்ந்தே வரும். இந்த ஆண்டு அரும்பாடுபட்டுக் கற்றுக்கொண்டவற்றுள் எவை விடுமுறை முடிந்து என் பிள்ளைகளோடு திரும்பி வரும்? எவை வாரா?

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். எழுதத் தயங்கியதற்கு ஒரு காரணமும் இருந்தது. இதை எழுதினால் என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். இன்று அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சனவரி மாதம்

2018-ஆம் ஆண்டு என் வகுப்பில் ஒன்பது வயது மாணவன் ஒருவன் இருந்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு வராது. காலையில் வந்ததும் பையை அவனுக்குரிய கொக்கியில் மாட்டுவது, காலணியைக் கழற்றி அடுக்கில் வைப்பது, கழிவறைக்குப் போக வேண்டுமானால் அதற்குரிய பட அட்டையை எடுத்து என் கையில் கொடுப்பது ஆகிய மூன்றையும் கற்றுக்கொள்ள அவனுக்கு ஏறத்தாழ ஏழு மாதங்கள் பிடித்தன. பட அட்டையைக் கொடுத்துத் தேவையைத் தெரிவிக்கும் இம்முறையை 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃபுரோஸ்ட் ஆகிய இருவரும் உருவாக்கினர். இன்று பல நாடுகளில் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் அதைக் கையாள்கின்றனர். அவன் முதன்முதலாகத் தானே எழுந்து வந்து அந்த அட்டையை என் உள்ளங்கையில் வைத்த நாளில், நானும் எங்கள் வகுப்பின் மாணவர் உதவியாளர் அக்காவும் கண்கலங்கிவிட்டோம்.

நவம்பர் மாதம் விடுமுறை தொடங்கியது. பொறுப்புள்ள ஆசிரியை என்ற நினைப்பில் முப்பது பக்கப் பயிற்சித்தாள்களைப் படியெடுத்துத் தைத்து அவன் பையில் வைத்து அனுப்பினேன். எழுத்தின் மேல் எழுதுதல், எண்களை இணைத்தல், வண்ணம் தீட்டுதல்... நாளுக்கு ஒரு பக்கம்.

2019 சனவரியில் பள்ளி திறந்தது. அவன் வகுப்புக்குள் வந்ததும் மேசையின் அடியில் புகுந்துகொண்டான். கொக்கியை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. அட்டையை நீட்டினால் தட்டிவிட்டான். முதல் வாரத்தில் மட்டும் நான்கு முறை உடையை நனைத்துவிட்டான். ஏழு மாத உழைப்பு ஆறு வாரத்தில் கரைந்து போயிற்றே என்று எனக்கு ஆற்றாமை. அந்த வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் அவனை அழைத்துப்போக வந்த தாயிடம், வாயிலில் மற்றப் பெற்றோர் நின்றுகொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"என்னம்மா, ஒன்றரை மாசத்துல எல்லாத்தையும் மறக்கடிச்சிட்டீங்களே! வீட்டுல ஒன்னுமே சொல்லிக் குடுக்கலையா?"

அந்த அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு வாரங்கள் பையன் பள்ளிக்கே வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

வீட்டில் கண்டது

உதவியாளர் அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காம் மாடி. அம்மா தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை செய்பவர். இரவு வேலை வரும் வாரங்களில் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மூத்த மகள்தான் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். எங்களை அமரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

நான் தைத்துக் கொடுத்த அதே பயிற்சித்தாள்கள்! முப்பது பக்கங்களும் முடிக்கப்பட்டிருந்தன.

"நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து, தூங்காம, அவன் கையைப் புடிச்சிப் புடிச்சி எழுத வெச்சேன் டீச்சர். ஒரு பக்கங்கூட விடல. அவன் அழுவான், நானும் அழுவேன். நீங்க குடுத்ததாச்சேன்னு செஞ்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. கழிவறைப் பழக்கம் என்னவாயிற்று என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவன் என்ன கேக்குறான்னே எங்களுக்குத் தெரியல டீச்சர். அக்கா கையைப் புடிச்சி இழுப்பான். தண்ணி குடுப்போம், பிஸ்கட் குடுப்போம். அப்புறம் பார்த்தா சிலுவார நனைச்சிருப்பான்."

பட அட்டை இருந்தால் கேட்டிருப்பானே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த அட்டைகள் எங்கே இருந்தன? என் வகுப்பு அலமாரியில்! தொலைந்துவிடக் கூடாது என்று விடுமுறைக்கு முன்பு நானே பத்திரமாக எடுத்து வைத்துப் பூட்டினேன். அவனுக்குத் தேவையற்ற முப்பது தாள்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் பேசுவதற்கு இருந்த ஒரே வழியை நான் ஆறு வாரம் பூட்டி வைத்திருந்தேன். பழியை மட்டும் அந்தத் தாயின் மேல் போட்டேன், அதுவும் பலர் முன்னிலையில்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "பரவால்ல டீச்சர்" என்றார். அந்தப் பெருந்தன்மை என்னை இன்னும் சுடுகிறது.

புறப்படும் வேளையில் இன்னொன்றும் கண்டேன். கூடத்தின் மூலையில் துவைத்த துணிக் குவியல் இருந்தது. அவன் அதன் அருகில் அமர்ந்து சிறு துண்டுகளைத் தனியாகவும் பெரிய துண்டுகளைத் தனியாகவும் பிரித்து, மடித்து, அடுக்கிக்கொண்டிருந்தான். காலுறைகளை இணை இணையாகச் சேர்த்தான். "லீவுலதான் கத்துக்கிட்டான் டீச்சர், அக்கா செய்யறதப் பார்த்து" என்றார் அம்மா. 'அளவின்படி வகைப்படுத்துதல்' என்று அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில் நான் எழுதி, வண்ணக் கட்டைகளை வைத்துப் பல மாதம் முயன்றும் கைகூடாத திறன் அது. எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று நான் தீர்ப்பளித்த அதே விடுமுறையில்தான் அதைக் கற்றிருக்கிறான்!

ஆய்வுகள் சொல்வது என்ன?

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நீண்ட விடுமுறையில் கற்றல் பின்வாங்குவது சிறப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் 1996-இல் அதுவரை வெளிவந்த 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். கோடை விடுமுறைக்குப் பின் மாணவர்களின் அடைவு ஏறத்தாழ ஒரு மாதக் கற்றல் அளவுக்குக் குறைந்திருந்தது என்பது அவர்களின் முடிவு. கணக்கீடும் எழுத்துக்கூட்டலும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த இழப்பின் அளவு குறித்துப் பின்னாளைய ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிறப்புப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது நீதிமன்றம் வரை சென்ற செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆண்டுக்கு 180 நாள் பள்ளி என்ற வரம்பு இருந்தது. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அந்த வரம்பை எல்லாப் பிள்ளைகள் மீதும் ஒன்றுபோல் சுமத்தலாகாது என்று 1979-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவைப்படும் சிறப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறையிலும் கல்விச் சேவை அளிப்பது அந்நாட்டு விதிகளில் பின்னர் இடம்பெற்றது.

அவ்வழக்கில் பேசப்பட்ட இரு கருத்துகள் எனக்குப் பெரிதும் பயன்பட்டன. ஒன்று பின்னடைவு, அதாவது விடுமுறையில் எவ்வளவு இழந்தான் என்பது. மற்றொன்று மீட்பு, அதாவது இழந்ததைத் திரும்பப் பெற எத்தனை நாள் ஆகிறது என்பது. எல்லாப் பிள்ளைகளும் சற்று மறக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் சில நாளில் மீட்டுவிடுவதை நம் பிள்ளைகளுள் சிலர் மீட்கப் பல வாரம் ஆகிறது. மீட்டு முடிக்கும்போது அடுத்த விடுமுறை வந்துவிடுகிறது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஏன் மறக்கிறார்கள்?

என் அனுபவத்தில் கண்ட காரணங்கள் மூன்று.

முதலாவது, ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்குக் கொண்டு செல்வது இப்பிள்ளைகள் பலருக்குக் கடினம். வகுப்புக் கழிவறைக்குப் போகத் தெரிந்தவனுக்கு வீட்டுக் கழிவறை வேறு பாடம். நாம் 'மறந்துவிட்டான்' என்பது பல வேளைகளில் 'அந்த இடத்தில் கற்கவே இல்லை' என்பதாக இருக்கும்.

இரண்டாவது, அவர்களின் கற்றல் ஓர் ஒழுங்கைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. மணி அடிக்கும், வரிசையில் நிற்போம், பையை மாட்டுவோம், பசியாறுவோம் என்ற வரிசையே அவர்களுக்கு அடுத்தது என்ன என்று சொல்லித் தருகிறது. விடுமுறையில் தூங்கும் நேரம் மாறுகிறது, உறவினர் வருகிறார்கள், சாப்பாட்டு நேரம் தவறுகிறது. கொடி படரும் பந்தலைப் பிரித்துவிட்டு, கொடி ஏன் கீழே கிடக்கிறது என்று கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, நன்றாக ஊன்றாத திறன்தான் முதலில் போகிறது. அக்டோபரில் தொடங்கிய புதிய பாடம் சனவரியில் இராது. ஆண்டு முழுவதும் பழகியது எளிதில் போகாது. ஆகவே, விடுமுறைக்கு முந்திய மாதத்தில் புதியவற்றைத் திணிக்காமல் பழையவற்றை ஊன்றச் செய்வதே நலம்.

நான் மாற்றிக்கொண்டவை

2019 மார்ச் மாதத்து ஒரு வார விடுமுறையில் சிறிய அளவில் தொடங்கினேன். பெற்றோர்களோடு பேசிப் பேசித் திருத்திக்கொண்டே வந்தேன். இன்று நான் கடைப்பிடிப்பவற்றைக் கீழே தருகிறேன்.

1. பயிற்சித்தாள் கட்டுகளை அனுப்புவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் விடுமுறையில் காக்க வேண்டிய திறன்கள் மூன்றை மட்டும் பெற்றோரோடு சேர்ந்து தேர்ந்தெடுக்கிறோம். அவற்றுள் ஒன்றாவது அந்த வீட்டுக்கு உண்மையாகவே பயன்படுவதாக இருக்க வேண்டும்.

2. வகுப்பில் பிள்ளை பயன்படுத்தும் கருவி வீட்டுக்கும் போக வேண்டும். பட அட்டைகளில் இரண்டு தொகுப்பு செய்து ஒன்றை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக் கழிவறைக் கதவு, தண்ணீர்க் குவளை ஆகியவற்றின் படங்களைப் பெற்றோரிடம் பெற்று அவற்றையும் சேர்க்கிறேன். விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே இது போய்விடும். குடும்பத்தார் பழகிக்கொள்ள அவகாசம் வேண்டுமல்லவா?

3. கால அட்டவணை போட்டுக் கொடுப்பதில்லை. இரவு வேலை செய்யும் தாயால் அட்டவணையைக் காக்க இயலாது. எழும் நேரம், பசியாறும் நேரம், தூங்கும் நேரம் ஆகிய மூன்று மட்டும் கூடியவரை மாறாதிருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

4. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட நாள்தோறும் சிறிது நேரம் பழகுவதே மனத்தில் தங்கும். கையைப் பிடித்து எழுத வைக்கும் பத்து நிமிடமாக அது இருக்க வேண்டாம். துணி மடிப்பது, தட்டுகளை எடுத்து வைப்பது, கடையில் பொருளைத் தேடி எடுப்பது எல்லாம் கற்றல்தான்.

5. பள்ளி திறக்கும் நாளைப் பிள்ளைக்குத் தெரிவிக்க வேண்டும். நாள்காட்டியில் பள்ளிக் கட்டடத்தின் படத்தை அந்தத் தேதியில் ஒட்டி, ஒவ்வோர் இரவும் ஒரு நாளை அடிக்கச் சொல்கிறேன். கடைசி வாரத்தில் ஒரு முறை சீருடை அணிவித்துப் பள்ளி வாயில்வரை அழைத்து வந்து காட்டினால் இன்னும் நன்று.

6. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் புதிய பாடம் இல்லை. முதல் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள் அந்த மூன்று திறன்களும் எந்த நிலையில் உள்ளன என்று குறித்து வைக்கிறேன். பத்தாம் நாளிலும் மீளவில்லை என்றால், அடுத்த விடுமுறைக்கு அப்பிள்ளைக்குக் கூடுதல் திட்டம் வேண்டும் என்று பொருள்.

இவற்றுள் எதற்கும் பெரிய செலவில்லை. மாணவர் உதவியாளரின் ஒத்துழைப்பும் தலைமையாசிரியரின் ஒப்புதலும் இருந்தால் போதும்.

அந்த மாணவனைப் பற்றிக் கேட்பீர்கள். 2019-இல் அவன் இழந்ததை மீட்க ஏறக்குறைய மார்ச் விடுமுறை வரை ஆயிற்று. அவ்வாண்டிறுதி விடுமுறைக்குப் பின், 2020 சனவரியில், பத்தாம் பள்ளி நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டான். ஒரு பிள்ளையின் கணக்கை வைத்து இதுவே வழி என்று முழங்க மாட்டேன். ஆனால், எனக்கும் அவன் அம்மாவுக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஒரு வாரம் பல மாதங்களான போது

2020 மார்ச்சில் ஒரு வார விடுமுறை என்று சொல்லித்தான் பிள்ளைகளை அனுப்பினோம். அந்த விடுமுறைக்குள்ளேயே, மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்த ஒரு வாரம் பல மாதங்களாக நீண்டதை நாம் அனைவரும் அறிவோம். ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளில் இணைய வகுப்பு என்ன செய்திருக்க முடியும்? என் வகுப்பில் அன்று பல வீடுகளைத் தாங்கியவை கையில் இருந்த பட அட்டைகளும், பெற்றோருக்கு முன்பே பழகியிருந்த அந்த மூன்று திறன்களும்தாம்.

அப்படியும் எல்லாரும் தப்பவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள மாணவி ஒருத்தி தன் பெயரை எழுதக் கற்றிருந்தாள். திரும்பி வந்தபோது முதல் எழுத்தும் நினைவில் இல்லை. அவள் தாயும் பாட்டியும் தம்மால் இயன்றதையெல்லாம் செய்தவர்கள். சில இழப்புகளுக்கு யாரும் பொறுப்பில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்; அந்த ஆண்டு முடிவதற்குள் எழுதினாள்.

அதன் பின் பள்ளி நாள்காட்டியும் இடம் மாறியது. 2022-இல் பள்ளியாண்டு மார்ச் மாதம் தொடங்கியது. 2026-இல்தான் மீண்டும் சனவரிக்குத் திரும்பியது. தீபாவளி முடிந்தால் நீண்ட விடுமுறை வரும் என்று தம் மனத்தில் கணக்கு வைத்திருந்த பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு குழப்பமே. ஆகையால், 'அவனுக்கே தெரியும்' என்று விட்டுவிடாமல் ஒவ்வோர் ஆண்டும் நாள்காட்டியில் காட்டிச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே, விடுமுறை உங்கள் பிள்ளைக்குப் பகையன்று. அவனுக்கும் பாட்டி வீடு வேண்டும், கோயில் திருவிழா வேண்டும், அண்ணன் அக்காளோடு சும்மா கிடக்கும் நாளும் வேண்டும். வீட்டை இன்னொரு வகுப்பறை ஆக்காதீர்கள். பள்ளியில் எதை வைத்து அவன் பேசுகிறான், எதைப் பார்த்து அடுத்ததை அறிகிறான் என்று ஆசிரியரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். விடுமுறையில் அவன் புதிதாகச் செய்த ஒன்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். அது எங்களுக்குத் தெரியாது. நீங்கள்தாம் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, பள்ளி திறக்கும் நாளில் வாயிலில் நிற்கும் தாயிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி எதுவாக இருக்கட்டும்? 'ஏன் மறந்துவிட்டான்' என்று நான் ஒருமுறை கேட்டேன். ஒரு பிள்ளை இரண்டு வாரம் பள்ளிக்கு வராமல் போனான். இப்போதெல்லாம், "லீவுல பையன் என்ன புதுசா கத்துக்கிட்டான் அம்மா?" என்று கேட்கிறேன். சற்று யோசித்துவிட்டு ஏதாவது ஒன்று சொல்வார்கள். அதைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே அன்றைய பாடத்தைத் தொடங்குகிறேன்.

அடுத்த விடுமுறைக்கு முன் உங்கள் வகுப்பு அலமாரியை ஒரு முறை திறந்து பாருங்கள். வீட்டுக்குப் போக வேண்டியது ஏதேனும் அதற்குள் பூட்டிக் கிடக்கிறதா?